கார்ட்ரிட்ஜைக் குறை சொல்லும் முன்: கிராஸ்டாக்கையும் ரெஸ்பான்ஸையும் வீட்டிலேயே அளக்கும் வழி

இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளில் புதிதாக மாட்டிய கார்ட்ரிட்ஜில், அதாவது ஊசியின் அசைவை மின்சிக்னலாக்கும் சிறு பெட்டியில், ஏதோ சரியில்லை என்று காது சொல்கிறது. இடது ஸ்பீக்கரில் நிற்க வேண்டிய தபேலா நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வயலின் மேலே போகும்போது மங்குகிறது, அல்லது காதைக் குத்துகிறது. விற்ற கடையில் சொன்னால் “கொஞ்ச நாள் ஓடட்டும், பழகிடும்” என்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். வெறும் காதை நம்பிப் பேசும்வரை வேறு பதில் வரவில்லை. எண்களோடு போனதும் பேச்சு மாறிவிட்டது. ஒன்று கிராஸ்டாக், அதாவது ஒரு சேனலின் ஒலி மறு சேனலில் எவ்வளவு கசிகிறது என்பது. மற்றது ஃபிரீக்வன்சி ரெஸ்பான்ஸ், அதாவது கீழிருந்து மேல்வரை எல்லாத் தொனியும் சம அளவில் வருகிறதா என்பது.

நான் இருப்பது மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், மிச்சம் மீதி பால்மரம். ஒலிச் சாமான் வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போக வேண்டும். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் கோலாலம்பூர். கார்ட்ரிட்ஜை அளந்து தருகிற பட்டறை பக்கத்தில் எங்கும் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பழைய மடிக்கணினியை வைத்தே செய்யக்கூடிய முறை இது.

இதில் வரிசைதான் முக்கியம். புதிதாக வருகிறவர்கள் நேராக ஊசியை அளக்கப் போகிறார்கள். ஆனால் திரையில் தெரிகிற எண் ஊசியுடையது மட்டும் அல்ல. சோதனைத் தட்டு (அளவெடுக்கவென்றே தொனிகள் பதிந்த இசைத்தட்டு), மாட்டிய கோணம், வயர், பிரீஆம்ப் (ஊசியின் சிறு சிக்னலைப் பெருக்கும் கருவி), இன்டர்ஃபேஸ் (அதைக் கணினிக்குள் கொண்டுபோகும் கருவி) என்று எல்லாம் சேர்ந்து கொடுக்கிற எண் அது. மற்றவற்றின் பங்கைத் தனியாகக் கண்டுபிடித்த பிறகு மிஞ்சுவதைத்தான் ஊசியின் கணக்கில் எழுத வேண்டும்.

கீழே சொல்வதெல்லாம் மூவிங் மேக்னட் (ஊசித்தண்டோடு காந்தம் அசையும்) வகைக்கு. மூவிங் காயில் (காந்தத்துக்குப் பதில் காயில், அதாவது கம்பிச்சுருள் அசையும் வகை) வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். சிக்னல் மட்டும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும் என்பதால் இரைச்சலோடு அதிகம் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

1. முதலில் காகிதங்களைச் சேர்த்துவிடுங்கள்

ரசீது, உத்தரவாத அட்டை, பெட்டிக்குள் இருந்த விவரத்தாள், சோதனைத் தட்டோடு வந்த சிறு புத்தகம். இந்த நான்கும் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

விவரத்தாளில் பார்க்க வேண்டியவை: சேனல் செப்பரேஷன் (கசிவு அசல் சிக்னலைவிட எத்தனை டெசிபெல் கீழே நிற்கிறது; எண் கூடினால் நல்லது), சேனல் பேலன்ஸ் (இடது, வலது அளவு வித்தியாசம்), ஊசி அழுத்தம், லோடு ரெசிஸ்டன்ஸ், லோடு கெப்பாசிட்டன்ஸ் (வயரும் பிரீஆம்ப்பும் கார்ட்ரிட்ஜ் மேல் வைக்கிற மின்சுமை). உதாரணத்துக்கு, இங்கே பலரிடம் இருக்கிற ஆடியோ-டெக்னிக்கா ஏடி-விஎம்95இ-க்கு 1 கிலோஹெர்ட்ஸில் செப்பரேஷன் 20 டெசிபெல், பேலன்ஸ் 2 டெசிபெல்லுக்குள், அழுத்தம் 1.8 முதல் 2.2 கிராம், லோடு 47 கிலோஓம், கெப்பாசிட்டன்ஸ் 100 முதல் 200 பிக்கோஃபாரட். ஆர்டோஃபான் 2எம் ரெட்டுக்கு செப்பரேஷன் 22 டெசிபெல், அழுத்தம் 1.8 கிராம், கெப்பாசிட்டன்ஸ் 150 முதல் 300.

இதில் ஒரு பொறி உண்டு. உங்களுக்கு 23 டெசிபெல் வருகிறது, “30 இருக்க வேண்டாமா?” என்று கடைக்குப் போனால் நியாயம் அவர்கள் பக்கம்தான். தாளில் எழுதியிருப்பதற்குக் கீழே போனால்தான் புகார். இன்னொன்று, “20 முதல் 22,000 ஹெர்ட்ஸ்” என்று மட்டும் போட்டு எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாவிட்டால், அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. என்னைக் கேட்டால் அது விளம்பரம், விவரம் அல்ல.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

சோதனைத் தட்டு: இதில் கஞ்சத்தனம் வேண்டாம். இடது மட்டும், வலது மட்டும் 1 கிலோஹெர்ட்ஸ் தொனி, இரண்டிலும் சமமான தொனி, 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகிற ஸ்வீப் (கீழிருந்து மேலே தொடர்ந்து ஏறும் தொனி) ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். வாங்கும் முன் பின்னட்டைப் படத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சில தட்டுகள் அழுத்தம், ஆன்டி-ஸ்கேட் (ஊசி உள்பக்கம் இழுபடாமல் பிடிக்கும் விசை) இவற்றைச் சரிசெய்ய மட்டுமே. இந்த வேலைக்கு உதவாது. புதிது 150 முதல் 350 வெள்ளிக்குள் (ரிங்கிட்) அமையும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியையும் கணக்கில் சேருங்கள். 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10% விற்பனை வரி உண்டு. பெரிய இணையத் தளங்கள் பணம் கட்டும்போதே அதைப் பிடித்துக்கொள்ளும். வரி பிடித்ததைக் காட்டும் ரசீதை அச்செடுத்து வையுங்கள்; கூரியர் ஆள் வாசலில் மறுபடியும் கேட்டால் காட்டலாம். வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க கார் சீட்டில் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் வினைல் வளைந்துவிடும். வளைந்த தட்டு அளவெடுக்கப் பயன்படாது.

ஆடியோ இன்டர்ஃபேஸ்: இரண்டு லைன் இன்புட், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் உள்ளதாக ஒன்று. புதிது 300 முதல் 800 வெள்ளி. கைமாறிய சாமானும் போதும். மடிக்கணினியின் மைக் துளையில் சொருகினால் வேலைக்கு ஆகாது. பெரும்பாலும் அது மோனோ.

டிஜிட்டல் ஊசித் தராசு 25 முதல் 60 வெள்ளி. கெப்பாசிட்டன்ஸ் அளக்கிற மல்டிமீட்டர் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். தெரிந்த வயர்மேனிடம் ஒரு நாள் இரவல் கேட்டாலும் ஆயிற்று. 47 கிலோஓம், 220 ஓம் ரெசிஸ்டர் இரண்டிரண்டு. சில்லறைக் காசு விலைதான். ஈப்போவில் எலெக்ட்ரானிக் சாமான் கடைகளில் கிடைக்கும். கோலாலம்பூர் போகிற யாராவது இருந்தால் ஜாலான் பசாரில் வாங்கிவரச் சொல்லலாம்.

மென்பொருளுக்குச் செலவில்லை. ஆடாசிட்டி இலவசம், இந்த வேலைக்குப் போதும்.

3. இடமும் நேரமும்

பகலில் அளக்க வேண்டாம். குலை ஏற்றிய லோரி ஒன்று வாசலைக் கடந்தால் கீழ்ப்பகுதி எண்கள் எல்லாம் குலைந்துவிடும். ராத்திரி பதினொன்றுக்கு மேல், சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். ஃபேன் இரண்டு விதத்தில் கெடுக்கும்: காற்றும் அதிர்வும் ஒன்று, ரெகுலேட்டரிலிருந்து வருகிற உறுமல் இன்னொன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் குச்சி குச்சியாக உயர்ந்து நிற்பது எல்லாம் மின் உறுமல்தான், ஊசியின் குற்றம் இல்லை.

வெக்கையைக் கவனியுங்கள். ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் சிறு ரப்பர் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். மதியம் 34 டிகிரியில் எடுத்த அளவையும் ஏர்கான் போட்ட இரவில் எடுத்ததையும் ஒப்பிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அறை வெப்பத்தைக் குறித்து வையுங்கள். இருபத்தைந்துக்குப் பக்கத்தில் வைக்க முடிந்தால் நல்லது. நம் ஊர் ஈரப்பதத்தால் தட்டில் பூஞ்சை பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஸ்டாட்டிக் வெடிப்பு குறைவாக இருக்கும், அந்த மட்டில் நமக்கு லாபம்.

4. ஊசியை விட்டுவிட்டு மற்றதை அளந்து பாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது.

(அ) இன்டர்ஃபேஸின் இரண்டு கெயின் திருகும் ஒரே இடத்தில் நிற்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும் சமமாக இருக்காது. இரண்டையும் அடிவரை இறக்கிவிடுங்கள். திரும்பத் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவர முடிகிற ஒரே நிலை அதுதான். சிக்னல் போதவில்லை என்றால் மட்டும் ஏற்றுங்கள். அப்புறம் கைப்பேசியில் 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, ஒய் வயர் வழியாக இரண்டு இன்புட்டுக்கும் ஒன்றாகக் கொடுத்து வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதற்குமேல் திருகைத் தொடக்கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் டேப் ஒட்டிவிடுங்கள்.

(ஆ) பிரீஆம்ப்பின் சொந்தக் கசிவு. கைப்பேசியின் வோல்டேஜை அப்படியே ஃபோனோ இன்புட்டில் கொடுத்தால் பிரீஆம்ப் திணறிவிடும். மில்லிவோல்ட் அளவுக்கு இறக்க வேண்டும். 47 கிலோஓம் ரெசிஸ்டரை வரிசையில் வைத்து, அதன் முனையிலிருந்து தரைக்கு 220 ஓம் போட்டால் சிக்னல் சுமார் 215-இல் ஒரு பங்காகும். அரை வோல்ட் கொடுத்தால் 2.3 மில்லிவோல்ட். கார்ட்ரிட்ஜ் கொடுக்கிற அளவுக்குப் பக்கம்தான். இரண்டு சேனலுக்கும் இப்படி ஒரு ஜோடி செய்யுங்கள். இடதில் மட்டும் தொனி உள்ள ஒரு கோப்பை ஆடாசிட்டியில் உருவாக்கி ஓடவிட்டு, வலதில் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். அடுத்து வலதிலிருந்து இடது.

இங்கே 50 டெசிபெல் அல்லது அதற்கு மேல் இடைவெளி கிடைத்தால் கவலை இல்லை. ஊசியின் கசிவைவிட 20 டெசிபெல் கீழே உள்ள எதுவும் உங்கள் எண்ணை ஒரு டெசிபெல்கூட அசைக்காது. 30-தான் வருகிறது என்றால் நிறுத்துங்கள். கார்ட்ரிட்ஜை அளந்து பயனில்லை, பிரீஆம்ப்பைப் பாருங்கள். மோனோ சுவிட்ச் பாதி அழுந்தியிருப்பதுகூட காரணமாக இருக்கலாம்.

(இ) தட்டை வெட்டும்போது பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டுவார்கள்; அதை பிரீஆம்ப் திருப்பிச் சரிக்கட்டும். அந்த அளவுதான் ஆர்ஐஏஏ வளைவு. அதே ரெசிஸ்டர் ஜோடியை வைத்து அதையும் பார்த்துவிடலாம். ஒரே அளவுள்ள தொனிகளைக் கொடுத்தால், 1 கிலோஹெர்ட்ஸை சுழியாக வைத்து, 20 ஹெர்ட்ஸில் +19.3, 100 ஹெர்ட்ஸில் +13.1, 10 கிலோஹெர்ட்ஸில் −13.7, 20 கிலோஹெர்ட்ஸில் −19.6 டெசிபெல் வர வேண்டும். உங்கள் பிரீஆம்ப் எங்கே எவ்வளவு விலகுகிறது என்று எழுதி வையுங்கள். பின்னால் 9-ஆம் படியில் இதைக் கழிக்க வேண்டும்.

5. மாட்டுவது

இதைப் பற்றி எழுதாத ஆள் இல்லை, ஆகவே சுருக்கமாக. அழுத்தத்தைத் தராசில் பாருங்கள், டோன்ஆர்மில் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கம்பியில்) உள்ள எண்வட்டத்தை நம்ப வேண்டாம். கார்ட்ரிட்ஜின் கோணத்தைப் பார்க்கத் தாளில் அச்செடுக்கும் அளவுகோலை அச்சுக்கடையில் கொடுக்கும்போது 100% அளவில் அச்சடிக்கச் சொல்லுங்கள். “பக்கத்துக்குப் பொருத்து” என்று இருந்தால் அளவு சுருங்கி எல்லாம் கெட்டுவிடும். வயர் நிறங்கள்: வெள்ளை இடது, நீலம் இடது தரை, சிவப்பு வலது, பச்சை வலது தரை. முன்னால் இருந்து பார்க்கும்போது ஊசி தட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இந்தச் சாய்வைத்தான் அசிமத் என்கிறோம். 8-ஆம் படியில் நிறைய வரும்.

6. பதிவு செய்வது

96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. விண்டோஸில் ஒலியை “மேம்படுத்தும்” வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். உச்சம் −6 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கள்.

வேவ் கோப்பாகவே சேமியுங்கள். எம்பி3-ஆக மாற்றினால் இடத்தை மிச்சம் பிடிக்க அது இரண்டு சேனலிலும் பொதுவானதைச் சேர்த்து எழுதும். நாம் அளக்க வந்ததே இரண்டு சேனலுக்கும் உள்ள இடைவெளியைத்தான். வாட்ஸ்அப்பில் ஒலியாக அனுப்பி நண்பரை அளக்கச் சொன்னாலும் இதே கதைதான். கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

ஒவ்வொரு தடத்தையும் ஒரு முறை பதிவு செய்துவிட்டு, அந்தப் பதிவை எத்தனை முறை வேண்டுமானாலும் ஆராயுங்கள். உயர் அலைவரிசைத் தடங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் தட்டே தேயும்; பிறகு ஊசியில் இல்லாத குறை ஊசியில் தெரியும். கோப்பின் பெயரில் தேதி, கார்ட்ரிட்ஜ், தடம், அழுத்தம் நான்கும் இருக்கட்டும்.

பதிவானதும் முதலில் தொனியின் எண்ணைப் பாருங்கள். 1000 ஹெர்ட்ஸுக்குப் பதில் 1003 காட்டினால் டர்ன்டேபிளின் மேடை 0.3% வேகமாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். கசிவு அளக்க இது தடையில்லை. தெரிந்து வைத்திருப்பது நல்லது.

7. கசிவை அளப்பது

முதலில் இரண்டு சேனலிலும் சமமாக உள்ள தொனி. இடதுக்கும் வலதுக்கும் எத்தனை டெசிபெல் வித்தியாசம் என்று எழுதுங்கள். 4-ஆம் படியில் கண்ட இன்டர்ஃபேஸ் வித்தியாசத்தைக் கழியுங்கள். மிஞ்சுவது கார்ட்ரிட்ஜின் பேலன்ஸ். இந்தத் தொனியின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு சேனலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் ஏதோ ஒரு ஜோடி வயர் தலைகீழாக மாட்டியிருக்கிறது.

பிறகு இடது மட்டும் உள்ள தொனி. இங்கே ஆடாசிட்டியில் ஒரு பெரிய பொறி: ஸ்டீரியோ தடத்தை அப்படியே தேர்ந்தெடுத்து ஸ்பெக்ட்ரம் வரைந்தால் அது இரண்டு சேனலையும் கலந்து காட்டும். முதலில் தடத்தை இரண்டு மோனோவாகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தனியாகத் தேர்ந்தெடுத்து, ஹான் விண்டோ, அளவு 65536 வைத்து வரைந்து, 1 கிலோஹெர்ட்ஸ் முனையின் உயரத்தைப் படியுங்கள்.

இடதில் −12.4, வலதில் −36.1 என்றால் கசிவு 23.7 டெசிபெல் கீழே நிற்கிறது. வலது மட்டும் உள்ள தொனிக்கும் இதேபோல.

சேனல் மீட்டரின் ஊசி ஆட்டத்தைப் பார்த்து எண் எடுக்கக் கூடாது. கசிந்த சேனலில் அந்தத் தொனி மட்டும் இல்லை. தட்டின் சரசரப்பு, மோட்டார் உறுமல், தட்டு வளைவின் அலை எல்லாம் இருக்கிறது. மீட்டர் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும். கசிவு உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

அடுத்து பேலன்ஸ் திருத்தம். இதை விடுவதால்தான் பலர் இல்லாத குறையைத் தேடுகிறார்கள். வலது சேனல் 2 டெசிபெல் குறைவாகக் கொடுக்கிற கார்ட்ரிட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். இடதிலிருந்து வலதுக்குக் கசிவது 2 டெசிபெல் நல்லதாகத் தெரியும். வலதிலிருந்து இடதுக்குக் கசிவது 2 டெசிபெல் மோசமாகத் தெரியும். மொத்தம் 4 டெசிபெல் போலி வித்தியாசம். விவரத்தாளே 2 டெசிபெல் பேலன்ஸை அனுமதிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே முதல் எண்ணிலிருந்து 2 கழித்து, இரண்டாவதோடு 2 கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள்.

சோதனைத் தட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அதை வெட்டிய கருவியிலேயே கொஞ்சம் கசிவு இருந்திருக்கும். 35, 40 என்று எண் வரத் தொடங்கினால் நீங்கள் அளப்பது ஊசியையா தட்டையா என்று சொல்ல முடியாது.

8. ஒரு பக்கம் மட்டும் மோசமாக இருந்தால்

உடனே ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். முதலில் பிரீஆம்ப்பின் பின்னால் உள்ள இரண்டு ஆர்சிஏ பிளக்கை இடம் மாற்றிச் சொருகி மறுபடி அளந்து பாருங்கள். மோசமான எண் அதே துளையோடு நின்றுவிட்டால் குற்றம் பிரீஆம்ப்பிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. பிளக்கோடு சேர்ந்து மாறினால் குற்றம் டர்ன்டேபிள் பக்கம். ஒரு காசு செலவில்லாத இந்தச் சோதனை கடைக்காரரின் வாயையும் அடைக்கும், ஏனென்றால் “உங்க பிரீஆம்ப்தான் சரியில்லை” என்பதுதான் அவர்களுடைய முதல் பதில்.

டர்ன்டேபிள் பக்கம் என்று தெரிந்தால் அடுத்து சாய்வு. ஸ்டீரியோப் பள்ளத்தின் இரண்டு சுவரும் 45 டிகிரியில் நிற்கின்றன. ஊசி சாய்ந்தால் ஒரு சுவரின் அசைவு அடுத்த காயிலுக்குப் போகும். வேறு குறையே இல்லாத கார்ட்ரிட்ஜ்கூட 1 டிகிரி சாய்ந்தால் 35 டெசிபெல், 2 டிகிரிக்கு 29, 3 டிகிரிக்கு 25.6, 5 டிகிரிக்கு 21 என்று கசியும். 3 டிகிரி சாய்வு கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதற்குள் நல்ல கார்ட்ரிட்ஜ் சாதாரணமாகிவிடும்.

இனி, சாய்வா அல்லது கார்ட்ரிட்ஜின் உள்குறையா என்று எப்படிப் பிரிப்பது? கசிவின் அளவு மட்டும் போதாது, திசையையும் பார்க்க வேண்டும். இரண்டு சேனலுக்கும் ஒரே ஃபில்ட்டரைப் போட்டு 1 கிலோஹெர்ட்ஸை மட்டும் விட்டு, அலைவடிவத்தைப் பெரிதாக்குங்கள். சாய்வினால் வருகிற கசிவு ஒரு பக்கம் அசல் அலையோடு சேர்ந்து ஏறும், மறுபக்கம் எதிராக இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, இரண்டுமே சேர்ந்தோ இரண்டுமே எதிராகவோ இருந்தால் காயில்கள் தங்களுக்குள் சரியான கோணத்தில் இல்லை. அதைச் சாய்த்துத் திருத்த முடியாது. ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் கால் அலை தள்ளி நின்றால் அது மின்கசிவு. வயரையும் பிரீஆம்ப்பையும் மறுபடி பாருங்கள்.

“ஒரு பக்கம் 40 டெசிபெல் வந்திருச்சு, அருமையான கார்ட்ரிட்ஜ்” என்று சிலர் மகிழ்ந்துபோவார்கள். மறுபக்கம் 20 நிற்கிறது என்றால் அதில் மகிழ ஒன்றுமில்லை. உள்குறையைச் சாய்வு ஒரு பக்கத்தில் மறைத்து, மறுபக்கத்தில் இரட்டிப்பாக்கியிருக்கிறது. நேராக்கினால் இரண்டும் 26-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தச் சமநிலைதான் வேண்டும்.

சாய்வை மாற்ற, கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லைச் சற்றே திருக முடிந்தால் திருகுங்கள். முடியாதவற்றில் கார்ட்ரிட்ஜின் ஒரு ஸ்குரூ பக்கம் அலுமினியத் தாளை மடித்து வைக்கலாம். ஸ்குரூ இடைவெளி அரை அங்குலம் என்பதால் 0.2 மில்லிமீட்டர் தடிப்பு ஏறக்குறைய 1 டிகிரி. 2 டிகிரிக்கு மேல் சாய்த்துத்தான் எண் சமமாகிறது என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதற்குமேல் போனால் ஊசி பள்ளத்தில் ஒருச்சாய்ந்து தட்டைத் தின்னும். அது மாற்றித் தர வேண்டிய கார்ட்ரிட்ஜ். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அழுத்தத்தைத் தராசில் மறுபடி பாருங்கள்.

9. ஃபிரீக்வன்சி ரெஸ்பான்ஸ்

முதல் கேள்வி: உங்கள் தட்டின் ஸ்வீப் எந்த வளைவில் வெட்டப்பட்டது? சிறு புத்தகத்தைப் படிக்காமல் அளந்தால் இங்கேதான் விழுவீர்கள். ஆர்ஐஏஏ வளைவில் வெட்டியது என்றால் உங்கள் பிரீஆம்ப் வழியாக வந்தபின் நேர்கோடு கிடைக்க வேண்டும். ஆனால் பழைய சிபிஎஸ் எஸ்டிஆர்-100 போன்ற தட்டுகளில் 500 ஹெர்ட்ஸுக்கு மேல் ட்ரெபிளைக் கூட்டாமல், ஊசியின் அசைவு வேகம் மாறாதபடி வெட்டியிருப்பார்கள். அதைச் சாதாரண பிரீஆம்ப்பில் ஓட்டினால் 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் தொங்கும். ஊசி செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் எல்லாம் சரியாக இருக்கிறது.

இரண்டாவது பொறி: முழு ஸ்வீப்பையும் தேர்ந்தெடுத்து ஒரே ஸ்பெக்ட்ரமாக வரைவது. ஸ்வீப் கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடுவதால், படம் ஆக்டேவுக்கு 3 டெசிபெல் என்று தானாகவே சரியும். அதைப் பார்த்து ட்ரெபிள் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

எளிய வழி துண்டு துண்டாக எடுப்பது. 1, 2, 4, 6, 8, 10, 12, 15, 18 கிலோஹெர்ட்ஸை ஸ்வீப் கடக்கும் இடத்தில் கால் விநாடி அளவுக்குத் தேர்ந்தெடுத்து, சிக்னல் உள்ள சேனலில் ஆர்எம்எஸ் அளவை (ஒருவகைச் சராசரி அளவு) எடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸைச் சுழியாக வைத்துக் கழித்து, பிரீஆம்ப்பின் விலகலையும் கழித்து, வரைதாளில் புள்ளி வையுங்கள். ஒரு சேனல் ஸ்வீப் இருந்தால் கசிவையும் ஒவ்வொரு இடத்திலும் எடுக்கலாம். கசிந்த சேனலுக்கு மட்டும் ஸ்பெக்ட்ரம் முறை, அளவு 8192. மேலே போகப் போகக் கசிவு கூடுவது இயல்பு. 10 கிலோஹெர்ட்ஸில் 15 டெசிபெல் கண்டு பயப்பட வேண்டாம். விவரத்தாள் பேசுவது 1 கிலோஹெர்ட்ஸைப் பற்றி.

இனி, 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு மேடு எழும்பி அப்புறம் சரிகிறது என்றால், ஊசிக்கு முன்னால் கெப்பாசிட்டன்ஸைச் சந்தேகியுங்கள். கார்ட்ரிட்ஜின் காயிலும் வயரின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் அதிர்வை உண்டாக்கும். ஏடி-விஎம்95இ-இன் காயில் 550 மில்லிஹென்றி. மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 100 பிக்கோஃபாரட் என்றால் அந்த அதிர்வு 21 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், காதுக்கு எட்டாத இடத்தில். 200 என்றால் 15 கிலோஹெர்ட்ஸ். 400 ஆகிவிட்டால் 10.7 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அங்கே மேடு, அதற்கு அப்பால் பள்ளம்.

400 எப்படி வரும்? எளிதில் வரும். டோன்ஆர்ம் வயர் கொஞ்சம், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய இரண்டு மீட்டர் ஆர்சிஏ வயர் கொஞ்சம், பிரீஆம்ப்பின் உள்ளே 100 முதல் 220 வரை. எல்லாம் கூடிவிடும். கார்ட்ரிட்ஜிலிருந்து நான்கு கிளிப்பையும் கழற்றி, பிரீஆம்ப் பக்கப் பிளக்கின் நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் வயர்களின் பங்கு தெரியும். மலிவான மீட்டர் 0.2 நானோஃபாரட் என்று காட்டினால் அது 200 பிக்கோஃபாரட். பிரீஆம்ப்பின் பங்கை அதன் கையேட்டில் பாருங்கள். கிளிப்பை ட்வீசரால் பிடித்து மெதுவாகக் கழற்றுங்கள்; வயரைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும், இழைமயிர் வயரை ஒட்டிக் கொடுக்க இங்கே ஆள் தேடி அலைய வேண்டும்.

பெரும்பாலான “கூச்சலிடும் கார்ட்ரிட்ஜ்” புகார்கள் குட்டையான நல்ல வயரோடு முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. இருபது முப்பது வெள்ளிச் செலவு. அது மாறியும் ஒரு சேனல் மட்டும் மற்றதைவிட 3, 4 டெசிபெல் விலகி ஓடினால் அப்போது ஊசியைப் பிடியுங்கள்.

10. கடைக்குப் போகும்போது

கொண்டுபோக வேண்டியவை: ரசீது, உத்தரவாத அட்டை, விவரத்தாள், ஒரு பக்க அளவுத்தாள், வேவ் கோப்புகள் உள்ள பென்டிரைவ். அளவுத்தாளில் தேதி, வெப்பம், அழுத்தம், லோடு, கெப்பாசிட்டன்ஸ், பிரீஆம்ப்பின் தனிக் கசிவு, பிளக் மாற்றிய பின் வந்த எண், பேலன்ஸ் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள். பத்து வரி போதும். வரைபடக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனால் தவுக்கே (கடை முதலாளி) படிக்க மாட்டார். அவர் விநியோகஸ்தருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரி ஒரே தாளில் இருக்கட்டும்.

அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வந்த சாமானா, வேறு வழியில் இறக்குமதியானதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இரண்டாவது வகை மலிவு, ஆனால் உத்தரவாதத்துக்கு விற்ற கடை மட்டுமே பொறுப்பு. ஊசித் தேய்மானம் எந்த உத்தரவாதத்திலும் வராது. அதனால்தான் முதல் வாரத்திலேயே அளந்துவிட வேண்டும். மூன்று மாதம் ஓட்டிவிட்டுப் போனால் தேய்மானம் என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடுவார்கள்.

கடை கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்க முடியாது. நீங்களே பேச வேண்டும். முதல் பாரத்தை (படிவத்தை) பூர்த்தி செய்யும்போது மேலே சொன்ன அளவுத்தாளையும் ரசீதையும் கடையோடு நடந்த குறுஞ்செய்திகளையும் இணையுங்கள். முந்நூறு வெள்ளிக் கார்ட்ரிட்ஜுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் முடிவு. பெரும்பாலும் பாரத்தின் நகலைக் காட்டும்போதே மாற்றுச் சாமான் வந்துவிடும்.

மாற்றிக் கொடுத்த கார்ட்ரிட்ஜையும் மாட்டிய அன்றே 7-ஆம் படியிலிருந்து அளந்து, அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.